பாட்டுக்காரர் பசியும் தொழிற்சங்கத்தின் கடமையும்

ஒரு பாட்டுக் குழு எத்தனை வருடம் உயிரோடிருக்கும்? முதல் மேடையோடு மறைந்துபோன குழுக்கள் ஏராளம். நாற்பது வருடத்தை எட்டிப் பிடிக்கும் குழுக்களும் உண்டு. குரல் வளமே காரணம் என்பார்கள் சிலர். அதிர்ஷ்டம் என்பார்கள் வேறு சிலர். நாம் அப்படிக் கருதவில்லை. பாடுகிறவனுக்குச் சோறு போடுவது யார் என்பதே அதைத் தீர்மானிக்கிறது.

அமெரிக்காவிலிருந்து ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். கலிபோர்னியாவில் ரோடியோ என்றொரு சிற்றூர். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை உள்ள ஊர். அங்கே லாரி டிரைவர் ஒருவரின் மகன் பில்லி ஜோ ஆர்ம்ஸ்ட்ராங். பத்து வயதில் தகப்பனை இழந்தவர். தாய் ஹோட்டலில் பரிமாறிப் பிழைத்தவர். இவரும் பள்ளித் தோழர் மைக் டர்ன்ட்டும் 1987இல் தொடங்கிய குழுதான் பின்னர் ‘கிரீன் டே’ என்று பெயர் பெற்றது. கிடார், டிரம், வேகமான தாளம், நாலு பேர் சேர்ந்து பாடக்கூடிய எளிய மெட்டு - இந்தப் பாணியை ‘பாப் பங்க்’ என்கிறார்கள்.

அருகிலுள்ள பெர்க்லி நகரில், கில்மன் தெருவில் ஒரு கொட்டகை. அதற்கு முதலாளி கிடையாது. தொண்டர்களே நடத்துகிறார்கள். டிக்கெட் மலிவு. இனவெறிக்கும் பெண்களை இழிவு செய்வதற்கும் அங்கே இடமில்லை. பெரிய இசைக் கம்பெனிகளுக்குத் தன்னை விற்றுக்கொண்ட குழுவுக்கும் இடமில்லை என்று விதி செய்திருந்தார்கள். அந்தக் கொட்டகையில் வளர்ந்த கிரீன் டே, 1993இல் வார்னர் கூட்டத்தைச் சேர்ந்த ரிப்ரைஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. கில்மன் தெருக் கதவு அதற்கு அடைபட்டது. 1994இல் வந்த ‘டூக்கி’ என்ற இசைத் தொகுப்போ அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது!

பிறகு நடந்தது என்ன? 2004இல், புஷ் சர்க்கார் ஈராக் மண்ணில் யுத்தம் நடத்திக்கொண்டிருந்த வேளையில், ‘அமெரிக்கன் இடியட்’ என்ற தொகுப்பின் மூலம் அதே குழு ஆள்வோரைச் சாடியது. அந்தச் சாடலையும் கம்பெனியே விற்று லாபம் பார்த்தது. முதலாளித்துவத்தின் சாமர்த்தியம் இதுதான். தன்னைத் திட்டும் பாட்டையும் சரக்காக்கிச் சந்தையில் வைத்துவிடும். 2015இல் ஒரு நிதியுதவிக் கச்சேரிக்காக அந்தக் குழு பழைய கொட்டகைக்குத் திரும்பி வந்து பாடியது. 2024இலும் புதுத் தொகுப்பு வெளியிட்டது.

இவர்களைத் ‘துரோகிகள்’ என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடலாமா? லாரி டிரைவரின் மகன் பாட்டினால் பிழைக்க விரும்பியது குற்றமா? கொட்டகைக்காரர்களின் கண்டிப்பை நாம் மதிக்கிறோம். ஆனால் கதவை அடைப்பது சுலபம், சோறு போடுவதுதான் கடினம். சோற்றுக்கு வழி செய்யாமல் கொள்கையை மட்டும் எதிர்பார்த்தால், கடைசியில் ஜெயிப்பது கம்பெனிக்காரனே.

நம் மண்ணுக்கு வருவோம். 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்ற குழு முதன்முதலாக மேடையேறியது. இயக்குநர் பா. இரஞ்சித், இசையமைப்பாளர் தென்மா ஆகியோரின் முயற்சியில் உருவான குழு இது. சாதியற்றவர் என்ற பெயரை அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து எடுத்துக்கொண்டது. மேடையில் பத்தொன்பது பேர். ஒரு பக்கம் கிடாரும் டிரம்மும், மறுபக்கம் பறையும் சட்டியும் கானாவும். இட ஒதுக்கீட்டைப் பாடினார்கள். வட சென்னை மக்களின் வாழ்வைப் பாடினார்கள். ஆண்களே ஆண்டுவந்த கானா மேடையில் இசைவாணி நிமிர்ந்து நின்று பாடினார்.

“கிடார் சீமை வாத்தியம், அது பாட்டாளிக்கு எதற்கு?” என்று முணுமுணுப்பவர்கள் நம்மிடையேயும் உண்டு. ஆர்மோனியமும் பிடிலும் எங்கிருந்து வந்தன? நூற்பு இயந்திரமும்தான் சீமையிலிருந்து வந்தது. அதற்காக ஆலையை வேண்டாம் என்றா சொன்னோம்? ஆலையில் எட்டு மணி நேர வேலை கேட்டோம். வாத்தியம் எந்த ஊருடையது என்பதல்ல, யார் கையில், யாருக்காக ஒலிக்கிறது என்பதே கேள்வி.

அந்தக் குழுவில் பாடிய அறிவு, 2021இல் ‘என்ஜாய் எஞ்சாமி’ பாட்டை எழுதி, பாடகி தீயோடு சேர்ந்து பாடினார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தேய்ந்த தன் பாட்டியின் தலைமுறையை, சொந்த நிலமற்ற கூலி மக்களை நினைத்து எழுதிய பாட்டு. கோடிக்கணக்கான முறை உலகம் அதைக் கேட்டது. ஆனால் அந்தப் பாட்டினால் தமக்கு ஒரு காசும் வரவில்லை என்று அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024 மார்ச்சில் பகிரங்கமாகச் சொன்னார். களத்தில் நெல்லைக் குவித்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பும் விவசாயத் தொழிலாளிக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டுமா?

இதற்கு மாற்று உண்டா? உண்டு. கம்யூனிஸ்டு இயக்கத்தில் வளர்ந்தவர் எம்.பி. சீனிவாசன். 1960இல் வந்த ‘பாதை தெரியுது பார்’ படத்துக்கு இசையமைத்தவர். பேர் கிடைத்தது, பணம் கிடைத்தது என்று அவர் ஒதுங்கிவிடவில்லை. பக்கவாத்தியக்காரர்களைத் திரட்டிச் சென்னையில் திரைப்பட இசைக் கலைஞர் சங்கத்தை உருவாக்கினார். பிடில்காரரும் தபேலாக்காரரும் கூலிக்காகத் தனித்தனியே கைகட்டி நிற்க வேண்டியதில்லை, ஒன்றுபட்டுக் கேட்கலாம் என்று காட்டினார். அவர் அமைத்த சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழு, 1988இல் அவர் மறைந்த பின்னும் பாடிக்கொண்டிருந்தது. தனிமனிதனை நம்பிய குழு அவனோடு போகும். ஸ்தாபனமாக அமைந்த குழு நிலைக்கும்.

பூந்தமல்லி மக்களுக்கு இது தூரத்துச் சங்கதி அல்ல. நம் ஊரை அடுத்த இ.வி.பி. படப்பிடிப்பு வளாகத்தில் 2020 பிப்ரவரி 19 இரவு கிரேன் சாய்ந்து, வேலையில் இருந்த மூவர் மாண்டனர். கலைக்கூடமும் ஒரு தொழிற்கூடமே. அங்கேயும் உயிருக்கு உத்தரவாதம் வேண்டும், உழைப்புக்குக் கூலி வேண்டும்.

ஆகவே தோழர்களே, சங்கக் கிளைகளுக்கும் விவசாயத் தொழிலாளர் கிளைகளுக்கும் நாம் சொல்வது இதுதான். மாநாட்டுக்குப் பறையடிக்க வருபவரைத் துண்டு போர்த்தி மட்டும் அனுப்பும் வழக்கம் ஒழியட்டும். மைக் செட்டுக்குப் பணம் ஒதுக்குவதுபோல், பாடுகிறவர் கூலியும் பஸ் செலவும் வரவுசெலவில் முதலிலேயே ஏறட்டும். சங்கக் கட்டிடம் ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடக்க வேண்டாம். ஒத்திகை பார்க்க இளைஞர்களிடம் சாவியைக் கொடுங்கள். நாட்டுப்புறக் கலைஞர் நலவாரியத்தில் நம் ஊர்க் கலைஞர்கள் பதிந்திருக்கிறார்களா என்று வீடு வீடாகக் கேளுங்கள். பதியாதவரைப் பதிய வையுங்கள்.

பாட்டாளியின் பாட்டைப் பாட்டாளியே காப்பாற்ற வேண்டும். நாம் கை விட்டால் கம்பெனி கை நீட்டும்!