ஊர்ப்பெயரும் நகைப்பும்

பிள்ளைகளுக்குப் பெயரிடுவோர் பெற்றோர். ஊர்களுக்குப் பெயரிட்டோர் யாவர்? சில ஊர்களுக்கு மன்னர் பெயரிட்டனர். ஆனால் உழுதவரும், நீர் பாய்ச்சியவரும், ஆடுமாடு மேய்த்தவரும், வழிநடந்த வணிகரும் தாம் கண்டதைக் கொண்டு இட்டு வழங்கிய பெயர்களே மிகப்பல. அவற்றுள் சில செவிக்கு இனியன. சில பொருள் விளங்காதன. வேறு சில கேட்டவுடன் நகைப்பை விளைப்பன. பேருந்திலும் புகைவண்டியிலும் செல்வோர் அத்தகைய பெயர் எழுதிய பலகையைக் கண்டால் ஒருவரை ஒருவர் நோக்கிச் சிரிப்பர். இக்காலத்தார் அதனோடு அமைவதில்லை. பலகையின் அருகே நின்று கைப்பேசியில் படம் எடுத்து நண்பர்க்கும் அனுப்புவர். ஊருக்குள் அடியெடுத்து வையாமலே தம் வழியே போவர்.

நகைத்தல் குற்றம் அன்று. பெயரைக் கண்டு நகைத்தபின் ஊரைக் காணாது போதலே குற்றம். நகைப்பூட்டும் பெயர் பெரும்பாலும் நாம் மறந்த ஒரு சொல்லையோ, இழந்த ஒரு பொருளையோ தன்னுள் பொதிந்து வைத்திருக்கும். ஆதலின் அத்தகைய ஊர்களே நாம் விரும்பிச் சென்று காணத்தக்கன என்பது என் கருத்து.

சென்னையில் கொசப்பேட்டை என்றொரு பகுதி உண்டு. அப்பெயரைக் கேட்டவர் கொசுவை நினைத்து முறுவலிப்பர். கொசுவுக்கும் அப்பேட்டைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. முயலை முசல் என்றும், உயிரை உசிர் என்றும் பேச்சில் வழங்குகின்றோம் அல்லமோ? அவ்வாறே குயவர் குசவர் ஆயினர். குளம் கொளம் ஆவதுபோலக் குசவர் கொசவர் ஆயினர். மண்ணைப் பிசைந்து பாண்டம் வனைந்த தொழிலாளர் வாழ்ந்த இடமே கொசப்பேட்டை. இன்றும் கொலுப் பொம்மைகளையும் களிமண் பிள்ளையாரையும் நாடி மக்கள் அங்குச் செல்கின்றனர். பெயரிலே மறைந்திருக்கும் தொழில் தெருவிலே கண்கூடாகக் காணப்படுகின்றது. அந்நகரிலேயே உள்ள சிந்தாதிரிப்பேட்டையும் இத்தகையதே. 1734ஆம் ஆண்டில் நெசவாளர்க்கென அமைக்கப்பட்ட அவ்வூரின் பெயர் சின்னத்தறிப்பேட்டை என்பதன் திரிபென்பர். தறியின் ஓசை அடங்கிய பின்னும் தறியின் பெயர் அடங்கவில்லை.

இனி, அஞ்சத்தக்கதாய்த் தோன்றும் ஒரு பெயரைக் காண்போம். இராமேசுவரம் தீவில் பேய்க்கரும்பு என்னும் ஊர் உள்ளது. பேக்கரும்பு என்றும் அதனை வழங்குவர். பேய்க்கும் கரும்புக்கும் என்ன உறவு என்று இளையோர் வினவுவர். உணவுக்கு ஆகாமல் காட்டில் தானே வளரும் செடிகொடிகளைப் பேய் என்னும் அடைகொடுத்து வழங்குதல் தமிழ் மரபு. பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு, பேய்ப்புடல் என்பனவற்றைச் சிற்றூர்ப் பிள்ளைகள் நன்கறிவர். அவ்வகையில், கரும்புபோல் தோன்றினும் கரும்பாகாத நாணற் புல்லே பேய்க்கரும்பு எனப்பட்டது. ஒரு புல்லின் பெயரைத் தாங்கிய அவ்வூரிலேதான் முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவர்கள் 2015ஆம் ஆண்டில் அடக்கம் செய்யப்பெற்றார்கள்; 2017இல் அங்கு நினைவிடமும் திறக்கப்பெற்றது. நாள்தோறும் மக்கள் திரளாகச் சென்று வணங்கும் அவ்வூரின் பெயரை இன்று யார் நகைப்பார்?

விலங்கின் பெயரும் பறவையின் பெயரும் ஊருக்கு இழுக்கு என்று கருதுவாரும் உளர். சோழரின் பழைய தலைநகராகிய உறையூருக்குக் கோழி என்பது மற்றொரு பெயர். சங்கப் புலவர் அதனை ஒளியாது பாடினர். கோழி ஒன்று யானையோடு பொருது வென்ற இடம் அது என்பது பழங்கதை. சிலப்பதிகாரமும் அதனைக் குறிப்பிடுகின்றது. முடிமன்னர் இருந்து ஆண்ட நகருக்குக் கோழி என்னும் பெயர் பெருமையாய் இருந்ததென்றால், எருமையும் குரங்கும் பெயரில் வரும் சிற்றூரார் நாணுதற்கு என்ன காரணம் உண்டு?

நாணம் ஒரு பெயரைத் தேய்த்தால், அடுத்து வருவது குழப்பமே. கும்பகோணத்துக்கு அணித்தே உள்ள ஆடுதுறை, 1922ஆம் ஆண்டில் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையத்தால் உழவர் அனைவரும் அறிந்த ஊர். அதன் முழுப்பெயர் தென்குரங்காடுதுறை; குரங்குகள் ஆடிய துறை என்பது பொருள். காவிரியின் வடகரையில் வடகுரங்காடுதுறையும் உண்டு. இரண்டும் தேவாரப் பாடல் பெற்ற தலங்கள். ஆடுதுறை என்னும் வழக்கில் குரங்கு விடுபட்டமையால், ஆடு என்னும் சொல்லைக் கால்நடையாகக் கருதுவாரும் உளர். சோலையும், அதிலே குரங்கு துள்ளிய ஆற்றுத்துறையும் கண்முன் நின்ற ஓர் அழகிய பெயர், தலை இழந்த முண்டமாயிற்று.

பெயரை மறத்தலால் வரும் கேடு சொல்லளவில் நிற்பதன்று. நீர்நிலைகளைக் குறிக்கும் பெயர்களை நோக்கினால் அது விளங்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை அடுத்துள்ளது அம்பாசமுத்திரம். கடலே இல்லாத இடத்தில் சமுத்திரமா என்று வெளியூரார் நகைப்பர். பேரேரியையும் அதனை அடுத்த ஊரையும் சமுத்திரம் எனல் முன்னோர் வழக்கு. பழவந்தாங்கல், வேடந்தாங்கல் என்பவற்றில் வரும் தாங்கல் யாது? மழைநீரைத் தாங்கி நிற்கும் சிற்றேரி. ஏந்தல் என முடியும் ஊர்களில் மழைநீரை ஏந்தி நிற்பது ஏந்தல். ஓடும் நீரைக் கைநீட்டித் தடுத்து வாங்கிய மக்களின் உழைப்பு இச்சொற்களில் உறைகின்றது. கடலூர் மாவட்டத்து வீராணம், முதற் பராந்தக சோழன் காலத்தில், 10ஆம் நூற்றாண்டில் உருவான வீரநாராயண ஏரியாகும். பெயர் தேய்ந்தது, ஏரி நின்றது. 2004ஆம் ஆண்டு முதல் அது சென்னைக்கும் குடிநீர் வழங்கி வருகின்றது.

ஆயின் எல்லா ஏரிகளும் இவ்வாறு நிற்கவில்லை. மாம்பலத்தின் நெடிய ஏரி தூர்க்கப்பட்டு, 1920ஆம் ஆண்டுகளில் தியாகராய நகர் எழுந்தது. நுங்கம்பாக்கத்து ஏரி இருந்த இடத்தில், 1976இல் திறக்கப்பெற்ற வள்ளுவர் கோட்டம் நிற்கின்றது. அப்பகுதிகளில் இன்றும் ஏரியைக் குறிக்கும் தெருப்பெயர்கள் உண்டு. ஏரியைக் காணோமே என்று அப்பெயர்களைக் கேலி செய்பவர் உண்டு. 2015ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் பெருமழை பெய்து சென்னையின் பல பகுதிகள் நீரில் மூழ்கின. அவ்வெள்ளத்திற்குக் காரணங்கள் பல. நீர் தங்கும் இடங்களை நாம் மறந்தமையும் அவற்றுள் ஒன்று. மனிதர் மறந்தாலும் மழை தன் பழைய இருப்பிடத்தை மறப்பதில்லை. இந்நாளில் புதிய மனைப்பிரிவுகளுக்குப் பள்ளம், படுகை, ஏந்தல் என்னும் பழம்பெயர்களை நீக்கி, அயல்மொழிப் பகட்டுப் பெயர்களைச் சூட்டுகின்றனர். பள்ளம் என்று பெயர் இருந்தால், வீடு வாங்குவோன் ஒருமுறையேனும் எண்ணிப் பார்ப்பான். பெயர் மாறியபின் அவனுக்கு எச்சரிக்கை கூறுவார் யார்?

அவ்வாறாயின் எந்தப் பெயரையும் மாற்றுதல் கூடாதோ என்று வினவலாம். அங்ஙனம் கூறுவேன் அல்லேன். ஒரு சாராரைத் தாழ்த்துதற்கென்று வழங்கும் பெயரை நீக்குதல் அறமேயாகும். காலனி என்னும் சொல் ஒடுக்கப்பட்டோர் வாழிடத்தைச் சுட்டும் இழிசொல்லாய் ஆகிவிட்டமையால், அதனை அரசு ஆவணங்களினின்றும் பொதுவழக்கினின்றும் நீக்குவதாகத் தமிழக முதலமைச்சர் 2025ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் சட்டமன்றத்தில் அறிவித்தார். அது தக்கதே. மாயவரம் 1982ஆம் ஆண்டில் தன் பழம்பெயரைப் பெற்று மயிலாடுதுறை ஆயிற்று; அதுவும் போற்றத்தக்கதே. மனிதரை இழிக்கும் பெயர் மாறுக. மண்ணைக் காட்டும் பெயர் நிலைக்க. இதுவே நாம் கொள்ளத்தக்க வரம்பு. பிறர் நகைப்பார் என்னும் ஒன்றே பெயரை மாற்றப் போதிய காரணம் ஆகாது.

ஆசிரியப் பணியில் இருந்த நாட்களில், ஊர் எது என்று கேட்டால் தம் சிற்றூரின் பெயரைக் கூறக் கூசி, அருகிலுள்ள நகரின் பெயரைக் கூறும் மாணவர் பலரை நான் கண்டதுண்டு. உடன் பயில்வோரின் ஏளனத்துக்கு அஞ்சியே அவர்கள் அவ்வாறு செய்தனர். ஊர்ப்பெயரை மறைப்பவன் நாளடைவில் ஊரையே மறைப்பான். பின்னர் அங்குச் செல்லவும் நாணுவான். ஏளனம் செய்தவனுக்கு அது ஒரு நொடிச் சிரிப்பு. இழந்தவனுக்கோ அது தன் வேர்.

ஊர்ப்பெயர்க்குப் பொருள் காண்பதிலும் விழிப்பு வேண்டும். அழகாயிருக்கின்றது என்பதற்காக ஒரு பொருளை ஏற்றல் ஆகாது. 1620ஆம் ஆண்டில் தேனியர் கோட்டை கட்டிய தரங்கம்பாடியை ‘அலைகள் பாடும் ஊர்’ என்று பலரும் புகழ்வர். தரங்கம் அலைதான், ஆனால் பாடி என்பது குடியிருப்பைக் குறிக்கும் சொல். அன்றியும், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த அவ்வூர்க் கோயிற் கல்வெட்டு அதனைச் சடங்கன்பாடி என்றே குறிக்கின்றது. நகைப்பூட்டும் பெயரை இகழ்ந்து தள்ளுவதும், இனிக்கும் பெயரை ஆராயாது கொள்வதும் ஒரே சோம்பலின் இரு முகங்கள்.

மாணவர்களே! விடுமுறை நாட்களில் தொலைவான நகரங்களைக் காண விரும்புகின்றீர்கள், அது நன்றே. அதற்கு முன்னர், உங்கள் ஊரைச் சூழ்ந்துள்ள பத்துக் கல் தொலைவுக்குள் பெயர் விளங்காத ஊர் ஒன்றுக்குச் சென்று வாருங்கள். ஏரிக்கரையில் நின்று நீர் எங்கிருந்து வந்து எங்குச் செல்கின்றது என்று பாருங்கள். களைபறிக்கும் மூதாட்டியிடம் வயல்களின் பெயர்களைக் கேளுங்கள். ஏட்டில் இல்லாத சொற்கள் அவர் நாவில் இருக்கும். கோயிற் சுவரில் கல்வெட்டு இருப்பின் அதனைப் படித்தறிந்தாரை நாடுங்கள். கேட்டவற்றை ஊரார் ஒலிக்கும் முறையிலேயே எழுதி வையுங்கள். அவ்வூரிலிருந்து வந்த மாணவன் ஒருவன் உங்கள் வகுப்பில் இருந்தால், அவன் தன் ஊர்ப்பெயரை உரக்கக் கூறும்படி செய்யுங்கள். அதன் பொருளை நீங்களே முன்வந்து மற்றவர்க்கு எடுத்துரையுங்கள்.