கடைசியாக நலமாய் இருந்தது எத்தனை மணிக்கு?

பக்கவாதம் பெரும்பாலும் காலைப் பொழுதில்தான் தாக்குகிறது. விழித்தெழுந்த முதல் சில மணி நேரத்தில் அது கூடுதலாக வருவதைப் பல நாட்டு மருத்துவர்களும் கண்டறிந்துள்ளனர். ஆகவே நம் வீடுகளில் அதனை முதன்முதலாகக் காட்டிக் கொடுப்பது, ஒளுச் செய்யும் தண்ணீராகவே இருக்கக்கூடும். சுப்ஹுத் தொழுகைக்கு எழுந்த பெரியவர் வாய் கொப்பளிக்கிறார். தண்ணீர் வாயில் நிற்காமல் ஒரு பக்கக் கடைவாய் வழியே வழிந்து விடுகிறது. முழங்கையைக் கழுவக் கையைத் தூக்குகிறார். தூக்கிய கை நிற்காமல் துவண்டு இறங்குகிறது. மனைவியை அழைக்கிறார், சொல் குழறுகிறது. இம்மூன்றில் ஒன்று திடீரெனத் தோன்றினாலே போதும், உடனே 108க்குத் தொலைபேசி செய்ய வேண்டும். மூன்றும் சேரட்டும் என்று காத்திருக்கலாகாது. திடீரென ஒரு கண் இருண்டு போதல், நடை தள்ளாடுதல், வாழ்நாளில் கண்டிராத கடுந்தலைவலி ஆகியனவும் இதே கணக்கில் சேரும்.

செஞ்சிக் கோட்டையை முகலாயப் படை 1690இல் முற்றுகையிட்டது. கோட்டை வீழ்ந்ததோ 1698இல். எட்டாண்டுகள் தாக்குப் பிடித்த மதில்களைப் பார்த்து வளர்ந்த நம் ஊரார், மனித மூளை எவ்வளவு நேரம் தாக்குப் பிடிக்கும் என்பதையும் தெரிந்து வைத்திருத்தல் நலம். மூளையின் பெரிய இரத்தக் குழாய் ஒன்று அடைபட்டால், சிகிச்சையின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடத்திலும் ஏறத்தாழ 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று அமெரிக்க மருத்துவர் ஜெஃப்ரி சேவர் 2006இல் கணக்கிட்டு எழுதினார். அடைப்பைக் கரைக்கும் ஊசி மருந்தை நோய் தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும். அதிலும் முதல் மணியில் செலுத்துவதற்கும் நாலாம் மணியில் செலுத்துவதற்கும் பலனில் பெரும் வேறுபாடு உண்டு.

இந்த நாலரை மணியைச் செஞ்சியிலிருந்து எண்ணிப் பாருங்கள். முண்டியம்பாக்கத்தில் 2010இல் தொடங்கப்பட்ட அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் இருக்கிறது. புதுவை ஜிப்மர் ஏறத்தாழ 70 கி.மீ. வண்டி வந்து சேரும் நேரம், பயண நேரம், ஸ்கேன் எடுக்கும் நேரம், இரத்தப் பரிசோதனை நேரம் எல்லாம் போக எஞ்சுவது அதிகமில்லை. மேல்மலையனூர்ப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து புறப்படுவோருக்கு இன்னும் குறைவு. எனவே முதலில் பக்கத்துத் தெருக் கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி, பிறகு வேறொரு மருத்துவமனையில் எட்டிப் பார்த்து, அங்கே ஸ்கேன் கருவி இல்லை என்று அறிந்து, மூன்றாவதாகப் பெரிய மருத்துவமனையை அடைவது என்னும் நம் வழக்கமான வரிசை இந்நோய்க்கு ஒத்து வராது. சி.டி. ஸ்கேனும் கட்டி கரைக்கும் ஊசியும் இரவு பகல் எந்நேரமும் கிடைக்கும் இடம் எதுவோ, அங்கே நேராகச் செல்ல வேண்டும். தமிழக அரசு மருத்துவமனைகளின் விபத்து, அவசர சிகிச்சைத் திட்டத்தில் மாரடைப்பு, தீக்காயம் ஆகியவற்றோடு பக்கவாதமும் தனிப்பிரிவாகச் சேர்க்கப்பட்டுள்ளது. 108 வண்டிப் பணியாளரிடம் ‘பக்கவாதம் என்று சந்தேகிக்கிறோம்’ என்னும் சொல்லை முதலிலேயே சொல்லிவிட்டால், எங்கே கொண்டு செல்வது என்பதை அவர் கேட்டறிந்து கொள்வார். ஜமாஅத்துப் பெரியவர்கள் ஒருநாள் நேரில் விசாரித்து, அம்மருத்துவமனைகளின் பெயர்களைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்தால் அது வீண் வேலையாகாது.

மருத்துவமனையில் முதலில் கேட்கப்படும் கேள்வி, ‘எப்போது வந்தது?’ என்பதன்று, ‘கடைசியாக நலமாய் இருந்ததை யார், எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள்?’ என்பதே. இவ்விரண்டும் ஒன்றல்ல. இரவு பத்து மணிக்கு நன்றாகப் பேசிவிட்டுப் படுத்தவர், காலை ஐந்து மணிக்குக் கை விழுந்த நிலையில் எழுகிறார் எனில், கணக்கு பத்து மணியிலிருந்து தொடங்கும், ஐந்து மணியிலிருந்தன்று. ஆனால் நள்ளிரவு இரண்டு மணிக்கு எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு நன்றாக நடந்து சென்று படுத்ததை மருமகள் பார்த்திருந்தால், அந்த ஒரு செய்தி நான்கு மணி நேரத்தை மீட்டுத் தருகிறது! வீட்டிலுள்ள சிறுபிள்ளைக்குத் தெரிந்திருக்கக்கூடிய இத்தகைய செய்தியை, மருத்துவமனையில் பதற்றத்தோடு நிற்கும் மகன் அறிந்திருக்க மாட்டார். ஆகவே புறப்படுமுன் வீட்டிலுள்ள அனைவரையும் கேட்டு, நேரத்தை ஒரு தாளில் குறித்துக் கொள்ள வேண்டும். ‘இஷா பாங்கு சொல்லும்போது நன்றாயிருந்தார்’ என்றாலும் சரியே. அதை மணியாக மாற்றி எழுதுங்கள். நோயாளி உட்கொள்ளும் மாத்திரைகளையும் பையோடு எடுத்துச் செல்லுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்பவரா என்பது அங்கே முக்கியமான கேள்வி.

தூக்கத்தில் வந்துவிட்டதே, இனி என்ன இருக்கிறது என்று சோர்ந்துவிடவும் வேண்டாம். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மூலம் மூளையின் நிலையை அறிந்து, உறக்கத்தில் தாக்குண்டவர்களிலும் தகுதியுள்ளோருக்கு ஊசி போடலாம் என்பது 2018இல் வெளியான ஆய்வினால் நிறுவப்பட்டது. தொடை இடுக்கின் இரத்தக் குழாய் வழியே மெல்லிய குழலைச் செலுத்தி, மூளையிலுள்ள கட்டியைப் பிடித்து வெளியே இழுக்கும் முறையின் பயன் 2015இல் உறுதியாயிற்று. பெரிய குழாய் அடைபட்டவர்களில் தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரையில் இது பலன் தரும். எல்லா ஊரிலும் கிடைப்பதன்று, செலவும் அதிகம். ஆயினும் தாமதமாக வந்தோம் என்பதற்காக நோயாளியை வீட்டுக்குத் திருப்பி எடுத்துச் செல்வதற்கு நியாயமில்லை என்பதை இது காட்டுகிறது.

ஸ்கேன் எதற்கு என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. பக்கவாதம் இருவகை. ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேருக்கு இரத்தக் குழாய் அடைபடுவதால் வருகிறது. மற்றவர்களுக்குக் குழாய் வெடித்து இரத்தம் கசிவதால் வருகிறது. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. சிகிச்சையோ நேர் எதிரானது. அடைப்பைக் கரைக்கும் மருந்து, கசிவு உள்ளவருக்கு உயிர்க்கொல்லியாகும். மாரடைப்புக்கு ஆஸ்பிரின் கொடுத்தது நினைவிருப்பதால், இதற்கும் வீட்டிலேயே ஒரு மாத்திரையை மென்று விழுங்கச் செய்வோர் இருக்கிறார்கள். ஸ்கேன் எடுக்கும் முன் அதைச் செய்யவே கூடாது. நாவின் அடியில் மாத்திரையை வைத்து இரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்குவதும் கேடு. அடைபட்ட மூளைக்குப் போய்க்கொண்டிருக்கும் சிறிதளவு இரத்தமும் அதனால் குறைந்து போகும். சோடா, தேநீர், கஷாயம் எதுவும் வாயில் ஊற்றலாகாது. விழுங்கும் ஆற்றல் பழுதுபட்டிருந்தால் அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கும். புறாவின் இரத்தத்தைக் கை கால்களில் தேய்க்கும் வழக்கம் இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. அடைப்பு இருப்பது மூளையில், தேய்ப்பதோ காலில்! ஓதிப் பார்க்க விரும்புவோர் ஆம்புலன்ஸ் வண்டியில் நோயாளியின் அருகே அமர்ந்தே ஓதலாம். அதற்காக வண்டியை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை.

கட்டி கரைக்கும் ஊசியைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும். 1995 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான, 624 நோயாளிகளைக் கொண்ட ஆய்வே இதற்கு அடித்தளம். மருந்து பெற்றவர்களில் ஊனம் ஏதுமின்றி அல்லது மிகச் சிறிய ஊனத்துடன் மீண்டவர்கள், மருந்து பெறாதவர்களைக் காட்டிலும் 30 சதவீதமேனும் அதிகம் என்று அது கண்டது. அதே ஆய்வில் மருந்து பெற்றவர்களுள் 6.4 சதவீதத்தினருக்கு மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டது, மற்றவர்களுக்கு 0.6 சதவீதம். இந்த அபாயத்தை மருத்துவர் எடுத்துரைத்துக் கையெழுத்துக் கேட்பார். நம் குடும்பங்கள் தடுமாறும் இடம் இதுதான். மூத்த மகன் துபாயிலோ ரியாத்திலோ இருக்கிறார்; அவரைக் கேட்காமல் அம்மா சம்மதிக்க மாட்டார்; அவரோ பணியிடத்தில் தொலைபேசியை எடுக்கவில்லை. அரை மணி, முக்கால் மணி என்று கழிகிறது. வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள வீட்டார், ஊரில் இருப்பவர்களுள் முடிவெடுப்பவர் யார் என்பதை நல்ல நாளிலேயே பேசி வைத்துக் கொள்ளட்டும். சொத்துப் பங்கீட்டைப் பேசும் குடும்பங்கள் இதையும் பேசலாம்.

இன்னொரு வகையும் உண்டு. வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தையில் விலை பேசிக் கொண்டிருக்கும் வியாபாரியின் கை பத்து நிமிடம் மரத்துப் போய், பின்னர் தானாகவே சரியாகி விடுகிறது என்று வைத்துக் கொள்வோம். அவர் வெயிலின் மீது பழி போட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேரத்தைத் தொடர்வார். அந்தப் பத்து நிமிடம் ஒரு முன்னறிவிப்பு. இத்தகையோருக்கு அடுத்த சில நாட்களிலேயே முழுப் பக்கவாதம் வரும் வாய்ப்பு மிகுதி. கை சரியாகிவிட்ட பிறகும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இனி, உயிர் பிழைத்து வார்டுக்கு வந்த பின்பு நடப்பவை.

விழுங்கும் சோதனை முடியும் வரை வாய்வழி உணவு இல்லை. தேவையெனில் மூக்குவழிக் குழாய் போடுவார்கள். இதைக் கண்டு, பார்க்க வந்த உறவினர்கள் ‘பட்டினி போடுகிறார்கள்’ என்று கலங்கி, செவிலியர் அறியாமல் இட்டிலியைக் கரைத்துக் கொடுப்பதுண்டு. அன்பினால் செய்யும் கெடுதல்களுள் இது ஒன்று. மற்றொன்று, படுக்கையிலிருந்து தூக்கும்போது செயலிழந்த கையைப் பிடித்து இழுப்பது. தசைப் பிடிப்பு இழந்த தோள்மூட்டு எளிதில் நழுவிவிடும்; அதன் வலி, நோயைவிட நீண்ட காலம் நிற்கும். தோள்பட்டைக்குப் பின்னாலும் இடுப்பிலும் கை கொடுத்துத்தான் தூக்க வேண்டும். தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைத்தால் படுக்கைப் புண் வராது.

பேச்சிழந்த நோயாளியை அறிவிழந்தவராக நடத்துவதுதான் எல்லாவற்றிலும் கொடுமை. பெரும்பாலோருக்கு மொழியின் இருப்பிடம் மூளையின் இடப்பக்கம். அதனால்தான் வலக்கை வலக்கால் விழுந்தவர்கள் பேச்சையும் இழக்கிறார்கள். எண்ணுவதைச் சொல்லத்தான் இயலவில்லையே தவிர, எண்ணம் அழிந்துவிடவில்லை. எம்.ஜி.ஆர். அவர்கள் 1984 அக்டோபரில் சென்னையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தபோது பக்கவாதத்துக்கு ஆளானார். அமெரிக்காவில் சிகிச்சை பெற்று 1985 பிப்ரவரியில் திரும்பி, மீண்டும் முதலமைச்சர் பொறுப்பேற்று, 1987 டிசம்பரில் மறையும் வரை அப்பொறுப்பில் இருந்தார். பழைய பேச்சு அவருக்கு முழுமையாகத் திரும்பவேயில்லை.

தண்ணீர் வேண்டும் என்று கேட்க முடியாதவர், சிறுவயதில் மனனம் செய்த சூராவைத் தடையின்றி ஓதக்கூடும். ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணக்கூடும். பழகித் தடம் பதிந்த சொற்கள் வேறு வழியில் வருகின்றன. இதைக் கண்டு ‘வேண்டுமென்றே பேச மறுக்கிறார்’ என்று எண்ணிவிடாதீர்கள். அந்த ஓதலிலிருந்தே பேச்சுப் பயிற்சியைத் தொடங்கலாம். வீட்டில் உர்தூவும் கடைத்தெருவில் தமிழும் பேசுகிற குடும்பங்கள் நம்மிடையே பல. அத்தகையோருக்கு ஒரு மொழி முன்னும் மற்றொன்று பின்னும் திரும்பி வரக்கூடும். எது முதலில் வருகிறதோ அதிலேயே பேசுங்கள். ஹைதராபாத் நிஜாம் மருத்துவ அறிவியல் நிலையத்தில் டாக்டர் சுவர்ணா அல்லாடியும் அவருடன் பணியாற்றியோரும் 608 பக்கவாத நோயாளிகளை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு நமக்குச் சுவையானது. நோய்க்குப் பின் நினைவும் சிந்தனையும் பழுதின்றி இருந்தவர்கள் இருமொழி பேசுவோரில் 40 சதவீதத்தினர். ஒருமொழியாளரில் ஏறத்தாழ 20 சதவீதத்தினரே.

வீட்டார் மனம் வைத்தால் உடற்பயிற்சியை நாமே பார்த்துக் கொள்ளலாம் என்னும் எண்ணம் பரவலாக உண்டு. லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் ஜெயராஜ் பாண்டியன் முதலியோர் இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1250 நோயாளிகளைக் கொண்டு இதைச் சோதித்து, 2017இல் முடிவை வெளியிட்டனர். உறவினர்களுக்குப் பயிற்சி தந்து வீட்டில் செய்ய வைத்த குழுவிலும் வழக்கமான கவனிப்புப் பெற்ற குழுவிலும், ஆறு மாத முடிவில் இறந்தோரும் பிறரைச் சார்ந்து வாழ்வோரும் சேர்ந்து 47 சதவீதமாகவே இருந்தனர். அன்பு மட்டும் போதாது. கற்றறிந்த பயிற்சியாளர் தொடர்ந்து வர வேண்டும் என்றே இதை நான் பொருள் கொள்கிறேன். 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருவதற்கும், இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் வீடு தேடி வருவதற்கும் வழி செய்யப்பட்டுள்ளது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிவு செய்து கொள்ளலாம்.

அந்த மாத்திரைகளை ‘இப்போதுதான் அழுத்தம் சரியாக இருக்கிறதே’ என்று நிறுத்துவதே இரண்டாம் தாக்குதலுக்குப் பெரிய வாசல். ரமளானில் நோன்பு நோற்க விரும்புவோர் ஷஃபான் மாதத்திலேயே மருத்துவரிடம் சென்று, நோற்கலாமா, மாத்திரையை சஹருக்கும் இஃப்தாருக்கும் எப்படி மாற்றிக் கொள்வது என்று கேட்டுவிட வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கும்போது, தாமாகவே மாத்திரையை விட்டுவிட்டு நோன்பு பிடிப்பது வீரமாகாது.

மீண்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. காரணமின்றி அழுவதும், சிரிக்கக்கூடாத இடத்தில் சிரிப்பதும் நோயின் பகுதியே. இவற்றுக்கும் மருந்து உண்டு. ஆனால் சோர்வுக்கு வீட்டில் செய்யக்கூடியதும் இருக்கிறது. ஒற்றைக் கையால் கைலியை இறுக்கிக் கட்ட முடியாததால், வெளியே வரவே கூசி அறைக்குள் முடங்கும் பெரியவர்கள் உண்டு. கைலியின் மேல்விளிம்பை மடித்துத் தைத்து எலாஸ்டிக் நாடா கோத்துக் கொடுங்கள். தையல்காரருக்கு அது பத்து நிமிட வேலை. அத்தா தாமே உடுத்திக் கொண்டு, கோலூன்றி, அஸருக்குப் பள்ளிக்குப் புறப்படுவார். போகும்போது யாராவது உடன் செல்லுங்கள். கையைப் பிடித்து இழுக்காமல், விழுந்த பக்கமாக நடந்து செல்லுங்கள்.