கஷ்டமாக இருந்தால் அது நிஜமாகிவிடுமா?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

ரயில் சிமியூலேட்டர் குழுமங்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. புதிதாக வந்த ஒரு பிள்ளை "பிரேக்கை விட்டுவிட்டேன், ஆனாலும் கோச்சி நகருதில்லையே" என்று கேட்டால் உடனே நாலு பேர் வந்து விழுவார்கள். "மெனுவல் வாசி." "இது நிஜ சிமியூலேட்டர், சின்னப் பிள்ளைகளுக்கு இல்லை." "ஈஸி மோடில் ஓட்டுறதுக்கு, பேசாமல் கார் கேம் விளையாடு." படிப்பிப்பதையே தொழிலாகச் செய்கிற எங்களுக்கு இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

நிஜம், நிஜம் என்கிறீர்களே, நிஜ ட்ரைவர் எப்படிப் பழகுகிறார்? முதல் நாளே தனியாக எஞ்சினில் ஏற்றி, கையில் ஒரு தடித்த புத்தகத்தைக் கொடுத்து அனுப்புகிறார்களா? மாதக்கணக்கில் பக்கத்தில் ஒருவர் நிற்கிறார். எந்த வளைவு தாண்டினால் சிக்னல், எங்கே இறக்கம் தொடங்குகிறது என்று பாதையையே பாடமாக்குகிறார்கள். பிரேக் பிடியின் ஒவ்வொரு நிலையும் கைக்குத் தெரியும். நீங்கள் கொடுப்பதோ கீபோர்ட். ஓபன் ரெய்ல்ஸில் இழுவைக்கு ஏ, டி. ரயில் பிரேக்குக்கு அரைப்புள்ளியும் மேற்கோள் குறியும். இதை மனப்பாடம் செய்கிற கஷ்டம் உலகத்தில் எந்த எஞ்சினிலும் இல்லை. சொல்லித்தருகிற ஆளை எடுத்துவிட்டு, கீபோர்டைச் சேர்த்துவிட்டு, மிச்சத்துக்கு 'ஃபுல் ரியலிசம்' என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்.

அதற்காக எல்லாவற்றையும் இலேசாக்குங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. ஒரு விசையை அமுக்கினால் ஓடும், மற்றதை அமுக்கினால் உடனே நிற்கும் என்றால் விஷயமே தொலைந்துபோகும். ரயிலின் ருசி அது நிற்க மறுப்பதில் இருக்கிறது. மணிக்கு 90 கிலோமீற்றர் என்றால் செக்கனுக்கு 25 மீற்றர். ஒவ்வொரு செக்கனும் அந்த வேகத்தில் அரை மீற்றர் குறைந்துகொண்டு வந்தால் நிற்பதற்கு 625 மீற்றர் வேண்டும். உயர்தரத்தில் கணிதம் படிக்கிற பிள்ளை இதைக் கடதாசியில் போட்டுவிடும். ஆனால் ஸ்டேஷனைக் கண்ட பிறகு பிரேக் போட்டு, பிளாட்ஃபோம் முழுவதையும் தாண்டிப்போய் நின்றால்தான் அந்த 625 மண்டையில் ஏறும்.

அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருவோம். குழாயில் காற்றமுக்கம் குறைந்தால் பிரேக் பிடிக்கும், கூடினால் விடும். தலைகீழாகத் தெரியும். ஆனால் பெட்டி கழன்று குழாய் அறுந்தால் காற்று வெளியேறி எல்லாப் பெட்டியும் தானாகப் பிடித்துக்கொள்ள வேண்டுமே, அதற்காக வெஸ்டிங்ஹவுஸ் 1870களில் செய்த ஏற்பாடு அது. பிரேக்கை விட்டாலும் கடைசிப் பெட்டி வரை காற்று போய்ச் சேர நேரம் எடுக்கும், அதுவரை கோச்சி அசையாது. இறக்கத்தில் பிடித்து விட்டு, பிடித்து விட்டு வந்தால் பெட்டிகளின் காற்றுத்தொட்டிகள் நிரம்ப அவகாசம் இல்லாமல் கடைசியில் பிடிப்பதற்குக் காற்றே இருக்காது. இவ்வளவுதான் பதில். இதை எழுத எடுக்கிற நேரத்தில் அந்த நாலு பேரும் நக்கல் எழுதினார்கள்.

இது வெறும் விளையாட்டு விஷயம் என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று. 2013 ஜூலையில் கனடாவின் லாக் மெகான்டிக் நகரத்துக்கு மேலே, 72 எண்ணெய்த் தாங்கிகளோடு ஒரு ரயிலை இறக்கத்தில் நிறுத்திவிட்டுப் போனார்கள். எஞ்சின்களின் காற்று பிரேக்கையும் சில கைப் பிரேக்குகளையும் நம்பித்தான். இரவில் எஞ்சின் அணைக்கப்பட்டது, காற்று மெல்லக் கசிந்தது, கைப் பிரேக்குகள் போதவில்லை. ரயில் ஆளில்லாமல் உருண்டு ஊருக்குள் கவிழ்ந்து எரிந்தது. 47 பேர் மௌத்தானார்கள். கைப் பிரேக் விசை எதற்கு என்று கேட்கிற பிள்ளைக்கு இதைச் சொல்லுங்கள். பிறகு அந்தப் பிள்ளை அதை மறக்காது.

எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் காட்டுவது ஓபன் ரெய்ல்ஸ்தான். இலவசம், பழைய லெப்டொப்பிலும் ஓடும். முதலில் எஞ்சினை மட்டும் ஓட்டிப் பார்க்கட்டும், பிறகு மூன்று பெட்டி, அதன் பிறகு மலை. பிரேக்கை மட்டும் முதல் நாளிலிருந்தே நிஜமாக வையுங்கள். ஜெர்மன் ரயில்களின் பிஇசட்பி, சிஃபா, பிரித்தானியாவின் ஏடபிள்யூஎஸ் போன்ற பாதுகாப்பு முறைகளை அணைத்துவைக்க வழியிருந்தால் அணைத்துவையுங்கள். சிக்னலுக்குச் சிக்னல் அவசர பிரேக் விழுந்து பிள்ளை எழும்பிப் போனால் சோம்பேறி என்று சொல்வதும் நீங்கள்தான். நீராவி எஞ்சின் என்றால் தீயையும் தண்ணீரையும் கணினி ஃபயர்மேனிடம் விடுங்கள். அதை 'ஈஸி மோட்' என்று சிரிக்கிறவர்கள் யோசிக்கட்டும்: நிஜத்திலும் கரி அள்ளிப் போடுவது ட்ரைவரா?

மெனுவல் வாசி என்பவர்களே, அந்த மெனுவல் ஆங்கிலத்தில் இருக்கிறது, சிலது ஜெர்மனில். வருகிற வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு பிரேக் பகுதியைத் தமிழில் இங்கே போடுகிறோம், இன்ஷா அல்லாஹ். சிக்னல் பகுதி இன்னும் யாரும் எடுக்கவில்லை. கீழே வந்து எங்களோடு சண்டை பிடிக்க இருப்பவர்கள், அதை எழுதி எடுத்துக்கொண்டே வாருங்கள்.