“டென்ஷன்” என்றால் எந்த டென்ஷன்?



கேண்டீனிலும் ஒர்க்‌ஷாப் வாசலிலும் தினமும் காதில் விழுகிற பேச்சு இது.

“என்னடா மச்சான், ஒரு மாதிரியா இருக்கே?”

“ஒண்ணுமில்லடா... மூட் அவுட்.”

அவ்வளவுதான்! கேட்டவனும் சரியென்று டீ குடிக்கப் போய்விடுவான். அரியர் விழுந்தாலும் மூட் அவுட். பஸ்ஸில் அவள் திரும்பிப் பார்க்காவிட்டாலும் மூட் அவுட். அப்பா வட்டிக்கு வாங்கி ஃபீஸ் கட்டினார் என்று தெரிந்து தொண்டை அடைத்தாலும் அதே மூட் அவுட்! டென்ஷன், ஃபீலிங், போர், மூட் அவுட், டிப்ரஷன் என்று ஐந்தே ஐந்து ஆங்கில வார்த்தைகளை வைத்துக்கொண்டு மூன்று வருஷ டிப்ளமோவையும் ஓட்டி விடுகிறோம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. டென்ஷன், ஸ்ட்ரெஸ், ஸ்ட்ரெயின் எல்லாம் நம் பாடப் புத்தகத்து வார்த்தைகள்தானே? வெளியிலிருந்து விழுவது லோடு. அந்த லோடைத் தாங்க உள்ளே எழும் எதிர்ப்பு, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால், ஸ்ட்ரெஸ். அதனால் கம்பி நீளுகிற விகிதம் ஸ்ட்ரெயின். ஸ்ட்ரெஸ் என்ற வார்த்தையை மருத்துவ உலகில் பரவச் செய்தவர் ஹான்ஸ் செல்யே. 1956-இல் அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அதற்கு வெகுகாலம் முன்பே அது இரும்புக் கம்பியைப் பற்றிப் பேசிய வார்த்தை!

லேபில் ஸ்ட்ரெஸ் கேட்ட இடத்தில் ஸ்ட்ரெயின் எழுதினால் மார்க் போச்சு. மோட்டார் ஓடவில்லை என்றால் “மோட்டாருக்கு மூட் அவுட்” என்று நாம் எழுதுவதில்லை. பேரிங் தேய்ந்ததா, காயில் எரிந்ததா, ஃபியூஸ் போனதா என்று தேடுகிறோம். மோட்டாருக்குக் கொடுக்கிற மரியாதையைக்கூட நம் மனசுக்குக் கொடுக்க மாட்டோமா?

நான் ஆங்கிலத்தின் எதிரி இல்லை. அந்த மொழியும் மனசை நுணுக்கமாகவே அளந்து வைத்திருக்கிறது. அடுத்தவனிடம் இருப்பது என்னிடம் இல்லையே என்று வெந்தால் அது என்வி. என்னுடையதை அடுத்தவன் தட்டிப் பறித்து விடுவானோ என்று தவித்தால் அது ஜெலஸி. கடலளவு இருந்த இடத்திலிருந்து நாம் மொண்டு வந்தது ஒரு டம்ளர்தான். அதையும் சரியாக மொள்ளவில்லை. ஆங்கிலத்தில் ஃபீலிங் என்றால் சந்தோஷமும் சேர்த்து எந்த உணர்ச்சியும்தான். நமக்கு அது சோகம் மட்டும். ஓர் ஆங்கிலேயரிடம் போய் “டோன்ட் ஃபீல்” என்று ஆறுதல் சொன்னால், “கல்லாகிப் போ” என்றா சொல்கிறாய் என்று விழிப்பார்!

நம் தொல்காப்பியரைப் பாருங்கள். மெய்ப்பாட்டியலில் எட்டு உணர்ச்சிகளைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் நான்கு காரணம் வைத்து, முப்பத்திரண்டாகப் பிரித்துக் காட்டுகிறார். அழுகைக்கு அவர் சொல்லும் காரணங்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் நம்மை இகழ்வது இளிவு. உயிரையோ உடைமையையோ பறிகொடுப்பது இழவு. முன்பிருந்த நல்ல நிலை கெட்டு வருந்துவது அசைவு. வறுமைக்கு விளக்கம் வேண்டாம். இது நம் ஒர்க்‌ஷாப் சுவரில் தொங்குகிற பழுது கண்டுபிடிக்கும் சார்ட் மாதிரியே இல்லையா?

இதெல்லாம் தமிழ் ஐயாவுக்கு, நமக்கெதுக்கு என்று கேட்கலாம். கள்ளக்குறிச்சி நகரிலேயே இருக்கிற கருணாபுரத்தை நினைத்துப் பாருங்கள். 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 65-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலிக்காரர்கள். கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகச் சொந்தக்காரர்கள் அலைந்தார்கள். ஆங்கிலப் பத்திரிகைகள் அத்தனையையும் ‘ட்ராஜிடி’ என்ற ஒரே வார்த்தையில் அடக்கின. ஆனால் அந்தத் தெருக்களில் தொல்காப்பியர் சொன்ன நான்கும் இருந்தன. ஆளைப் பறிகொடுத்த வீட்டில் இழவு. பிழைத்தும் பார்வை பாதிக்கப்பட்டவருக்கு அசைவு. சம்பாதித்த கை போனபின் வறுமை. அரசு பத்து லட்சம் நிவாரணம் அறிவித்ததும், “குடிச்சுட்டுச் செத்தவனுக்கு எதுக்குக் காசு?” என்று ஊரெல்லாம் பேசியதே, அது இளிவு!

நான்கும் வேறு வேறு வலி. நான்குக்கும் மருந்தும் வேறு. இழவுக்குத் துணை வேண்டும். வறுமைக்கு வேலை வேண்டும். இளிவுக்கு, பேசுகிறவன் வாயை மூட வேண்டும். எல்லாவற்றையும் சோகம், ஃபீலிங் என்று ஒரே மூட்டையாகக் கட்டினால் எதற்கு எதைக் கொடுப்பது?

ஒரு கேள்வி வரும். “ஆம்பளப் பையன் ‘அழுகையா வருது’ன்னு சொன்னா நாலு பேர் சிரிக்க மாட்டானா?” நியாயந்தான். மூட் அவுட் என்ற வார்த்தை ஒரு முகமூடி. போட்டுக்கொண்டால் கௌரவமாக இருக்கிறது. ஆனால் முகமூடியைப் பார்த்து யாரும் மருந்து கொடுக்க முடியாதே! கடைசியில் “செம ஃபீலிங் மச்சான், வா ஒரு கட்டிங் போடலாம்” என்பதுதான் ஒரே வைத்தியமாகிறது. பெயர் தெரியாத வலிக்குப் பாட்டில் பதில் சொல்ல ஆரம்பித்தால் அது எங்கே கொண்டு விடும் என்று கருணாபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற நமக்குச் சொல்லித் தர வேண்டுமா?

டிப்ரஷன் விஷயத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். அது டாக்டர்களின் வார்த்தை, ஒரு நோயின் பெயர். இன்டர்னலில் மார்க் குறைந்து இரண்டு நாள் வாடுவது ஏமாற்றம். எதிலும் பிடிப்பில்லாமல் தூக்கமும் சாப்பாடும் கெட்டு வாரக்கணக்கில் நீடித்தால் அது டாக்டரிடம் போக வேண்டிய விஷயம். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் இலவசமாகவே பேசலாம். சும்மா சும்மா அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தால், நிஜமாகவே நோயில் கிடக்கிற நண்பன் சொல்லும்போதும் நாம் சிரித்து விடுவோம்.

ஆகவே நண்பர்களே, எந்த மொழியானாலும் சரி, சரியான வார்த்தையைச் சொல்லிப் பழகுவோம். சலிப்பா, ஏக்கமா, பயமா, பொறாமையா, அவமானமா, ஆற்றாமையா? நம்ம வீட்டுப் பேச்சிலேயே எத்தனை இருக்கிறது! “மனசு கனத்துக் கிடக்கு” என்றால் அதை இறக்கி வைக்கலாம் என்று கேட்பவனுக்குத் தோன்றும். “மூட் அவுட்” என்றால் என்ன தோன்றும்?

கருணாபுரத்தில் அப்பா அம்மா இருவரையும் இழந்த பிள்ளைகளின் படிப்புச் செலவை ஏற்பதாக அரசு அறிவித்தது. நாளை அப்படிப்பட்ட ஒரு தம்பியோ தங்கையோ நம் கல்லூரி பெஞ்சில் வந்து உட்காரலாம். அன்று “டோன்ட் வொரி” என்று சொல்லிவிட்டு எழுந்து போகாமல், பக்கத்தில் உட்கார்ந்து “எது வலிக்குதுப்பா?” என்று கேட்கத் தெரிந்தவர்களாக இருப்போம்!