பலகை போட்டு மூடியும் உயிர் போவது ஏன்? கட்டுமான சைட்டில் கவனிக்க வேண்டியவை

'கட்டடத்தில் இருந்து தவறி விழுந்து தொழிலாளி பலி' என்ற செய்தியைப் படித்தால், சாரத்தில் இருந்து விழுந்திருப்பார் என்றுதான் பலரும் நினைப்போம். ஆனால், நடந்து போகும் தளத்திலேயே இருக்கும் ஓட்டை வழியாக விழுந்து இறப்பவர்களும் உண்டு. இதைத் தடுக்கப் பெரிய செலவெல்லாம் தேவையில்லை.

தளத்தில் எதுக்கு ஓட்டை?

லிஃப்ட், படிக்கட்டு, தண்ணீர்க் குழாய், மின் கேபிள் போன்றவற்றுக்காக கான்கிரீட் போடும்போதே இடம் விடுவார்கள். சைட்டில் இதை 'ஓப்பனிங்', 'டக்ட்' என்பார்கள். பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் வர மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை அது திறந்தே கிடக்கும். இல்லையென்றால் மேலே ஒரு பிளைவுட் துண்டு கிடக்கும்.

மூடினால் போதாதா?

போதாது. ஆணி அடிக்காத பலகை, திறந்த ஓட்டையைவிட ஆபத்தானது. ஓட்டை தெரிந்தால் விலகிப் போவார்கள். சும்மா கிடக்கும் பலகையை, வேறு வேலைக்கு ஆகும்னு ஒருவர் தூக்குவார். இரண்டு கையாலும் முன்னால் பிடித்திருப்பதால் கீழே இருப்பது தெரியாது. அடுத்த அடி ஓட்டைக்குள்தான். மழையில் ஊறிய பலகை என்றால், மேலே கால் வைத்ததுமே முறியலாம்.

ஒரு மாடி உயரம், அதாவது 3 மீட்டர் விழ ஆகும் நேரம் சுமார் 0.8 விநாடி. தரையில் மோதும் வேகம் மணிக்கு சுமார் 28 கி.மீ. எதையாவது பிடித்துக்கொள்ள நேரமே இருக்காது.

சரியான மூடி எப்படி இருக்கணும்?

அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு விதிகள் 3 விஷயங்களைச் சொல்கின்றன:

* மேலே வரக்கூடிய ஆட்கள், பொருட்களின் எடையைப் போல 2 மடங்கைத் தாங்க வேண்டும்.
* காற்றிலோ, கால் பட்டோ நகராதபடி பொருத்தியிருக்க வேண்டும்.
* அடியில் ஓட்டை இருப்பது தெரியும்படி எழுத வேண்டும், அல்லது தனி நிறம் அடிக்க வேண்டும்.

தமிழ்நாட்டு சைட்டுகளில் வடமாநிலத் தொழிலாளர்கள் அதிகம். அதனால் தமிழில் மட்டும் எழுதினால் போதாது. இந்தியிலும் எழுதி, பளிச்சென்று பெயிண்ட் அடிப்பது நல்லது.

லிஃப்ட் குழி போன்ற பெரிய திறப்புகளுக்கு சுமார் 1.1 மீட்டர் உயரத்தில் உறுதியான தடுப்புக் கம்பி வேண்டும். சிவப்பு வெள்ளை ரிப்பன் எச்சரிக்குமே தவிர, சாய்பவரைத் தாங்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆட்கள் விழக்கூடிய திறப்புகளை மூட வேண்டும் அல்லது தடுப்பு வைக்க வேண்டும் என்று கட்டுமானத் தொழிலாளர்களுக்கான 1998-ம் ஆண்டு மத்திய விதிகளே சொல்லியிருக்கின்றன. கவனக்குறைவால் மரணம் ஏற்படுத்தினால், பாரதிய நியாய சன்ஹிதா 106-வது பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம்.

யார் கவனிக்கணும்?

மூடியைத் திறந்து வேலை பார்க்கும் நேரத்தில்தான் அதிக கவனம் தேவை. திறந்தவர் சாப்பிடப் போனாலும் மூடிவிட்டுத்தான் போக வேண்டும். தினமும் வேலை தொடங்கும் முன் சூப்பர்வைசர் எல்லா மூடிகளையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

சொந்த வீடு கட்டுபவர்களும் இதைக் கவனிக்கணும். சம்ப், செப்டிக் டேங்க் வாய்களும் இதே ஆபத்துதான். மேஸ்திரி வீட்டுக்குக் கிளம்பும் முன், அவை உறுதியாக மூடியிருக்கிறதா என்று நேரில் பார்த்துவிடுங்கள்.