பொம்மைக்குப் பின்னால ஒரு தியரி!

விருத்தாசலம்னா சிலருக்குப் பழமலைநாதர் கோயில், சிலருக்கு 2006-ல் விஜயகாந்த் ஜெயிச்ச தொகுதி. ஊருக்கு இன்னொரு அடையாளமும் உண்டு... பீங்கான்!

ஒரு பீங்கான் பொம்மை எப்படி உருவாகுது தெரியுமா? கரைச்ச களிமண் கூழை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுல ஊத்துவாங்க. அச்சு தண்ணியை உறிஞ்ச, உள்பக்கம் களிமண் சுவர் மாதிரி படியும். போதுமான கனம் வந்ததும் மிச்சக் கூழைக் கவிழ்த்துடணும். அப்புறம் பிசிறு சீவறது, காய வைக்கறது, சூளை, பெயின்ட்... ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி ஆள் போடலாம்.

இங்கதான் சோஷியாலஜி என்ட்ரி! 'போர் சப்ஜெக்ட்'னு ஓடாதீங்க பாஸ்.

இந்தப் பிரிச்சுக் கொடுக்கற வித்தை ரொம்பப் பழசு. 1769-ல் இங்கிலாந்துல எட்ரூரியா பீங்கான் தொழிற்சாலையைத் திறந்த ஜோசையா வெட்ஜ்வுட், வேலையைத் துண்டு துண்டாக்கி ஆளுக்கு ஒண்ணா கொடுத்தவர். அமெரிக்க இன்ஜினீயர் டெய்லர், ஸ்டாப்வாட்ச் வெச்சு வேலையை அளந்து, அதை 1911-ல் புத்தகமாவே போட்டார். 1974-ல் ஹாரி பிரேவர்மேன் எதிர்க்கேள்வி கேட்டார். இவர் செம்புப் பட்டறையில் தொழில் பழகினவர். இப்படிப் பிரிச்சா யோசிக்கற வேலை ஆபீஸுக்கும், செய்யற வேலை ஷெட்டுக்கும் போயிடும். தொழிலாளியோட திறமைக்கு மதிப்பு போகும், கூலியும் இறங்கும்னார்.

நம்ம பொம்மைக்கு இது பொருந்துதா? பாதி பொருந்துது. அச்சு வந்துட்டா, ஊத்தறவருக்கு உருவம் செதுக்கத் தெரிய வேண்டியதில்லை. ஆனா, கூழை எப்பக் கவிழ்க்கறது? சீக்கிரம் கவிழ்த்தா சுவர் மெல்லிசாகி உடையும். லேட்டானா கனத்துப் போகும். அச்சு ஈரமா இருந்தா நேரமே மாறும். அதைச் சொல்றது பழகின கண்ணும் கையும்தான். பிரேவர்மேனை விமர்சிச்ச பலரும் இதைத்தான் சொன்னாங்க: திறமை அவ்வளவு சுலபமா காணாமப் போயிடாது. ஆனா, அதை 'அன்ஸ்கில்டு'னு ரெஜிஸ்டர்ல எழுதிட்டா, திறமை இருக்கும். அதுக்கான கூலி இருக்காது!

இதுல நமக்கென்னன்னு கேக்கறீங்களா? நாளைக்கு இன்ஜினீயரா ஃபேக்டரிக்குப் போனா, ஸ்டாப்வாட்ச் நம்ம கையிலதான். 'இந்த வேலைக்கு இத்தனை நிமிஷம்'னு நாம எழுதற ஒரு வரி, ஒருத்தரோட சம்பளம். எழுதறதுக்கு முன்னாடி, "அக்கா, எப்பக் கவிழ்க்கணும்னு எப்படித் தெரிஞ்சுக்கறீங்க?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. அந்தப் பதில் நம்ம சிலபஸ்ல இல்லை!