மண்டைக்குள் இருக்கிறதா அரசியல்?

பழமைவாதிக்கு ஒருவித மூளை, முற்போக்காளனுக்கு வேறுவித மூளை என்று முதலாளித்துவப் பத்திரிகைகள் எழுதி வருகின்றன. நம் தோழர்களில் சிலரும், "பிற்போக்காளனுக்குப் பயம் பிறவிக் குணமாம்" என்று சொல்லி மகிழ்கிறார்கள். இது மகிழத்தக்க விஷயமா?

விவரத்தைப் பார்ப்போம். 2011-ல் லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரி விஞ்ஞானிகள் 90 இளம் வயதினரின் மூளையைக் கருவி மூலம் படம் பிடித்தார்கள். அவர்களுடைய அரசியலை அறியக் கேட்டதோ ஒரே ஒரு கேள்வி. பழமைவாதி என்று தம்மைச் சொல்லிக்கொண்டவர்களுக்கு, அச்ச உணர்ச்சியில் பங்குகொள்ளும் அமிக்டலா என்ற பகுதி சராசரியில் சற்றுப் பெரிதாக இருந்தது. மாற்றத்தை விரும்புவோருக்கு வேறொரு பகுதி பெரிதாக இருந்தது. 2024-ல் நெதர்லாந்தில் 928 பேரை வைத்துச் சோதித்தார்கள். முதல் தொடர்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிற்று. இரண்டாவது தொடர்பு காணப்படவே இல்லை.

நாம் விஞ்ஞானத்தை மறுப்பவர்கள் அல்ல. தொடர்பு சிறிதளவு இருக்கலாம். ஆனால் எது காரணம், எது விளைவு? லண்டனில் டாக்ஸி ஓட்டும் உரிமம் பெற ஆயிரக்கணக்கான தெருக்களை மனப்பாடம் செய்ய வேண்டும். அப்படிப் படித்துத் தேறியவர்களின் மூளையில், வழியை நினைவில் வைக்கும் பகுதி வளர்ந்திருந்ததை 2011-ல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி காட்டிற்று. மூளை உழைப்பை உண்டாக்கியதா, உழைப்பு மூளையை மாற்றியதா?

1851-ல் அமெரிக்க டாக்டர் சாமுவேல் கார்ட்ரைட், அடிமைகள் தப்பி ஓடுவது ஒரு நோய் என்று எழுதினான். சவுக்கடியே மருந்து என்றான். விடுதலை வேட்கையை உடற்கூறாக்கினால் ஆண்டைக்கே லாபம்!

1940-களில் கீழத் தஞ்சையில், சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் அஞ்சிக் கைகட்டி நின்ற பண்ணையாட்கள் செங்கொடியின் கீழ் நிமிர்ந்து நின்றார்கள். அவர்கள் வேறு மண்டையோடு பிறந்து வந்தவர்களா? இல்லை, சங்கம் வந்தது, அச்சம் போயிற்று.

ஆகவே தோழர்களே, எதிர் யூனியனில் இருக்கும் தொழிலாளியையும், பண்ணையார் பேச்சை நம்பும் கூலிக்காரனையும் "அவன் மூளை அப்படி" என்று ஒதுக்காதீர்கள். அப்படி ஒதுக்கும் நாளில் நம் வேலையை நாமே கைவிட்டவர்களாவோம். அவன் வீட்டுத் திண்ணைக்குப் போங்கள். கூலியைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும் பேசுங்கள். அவன் மாறுவான்!